பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளும் புதிய ஓட்டுநரும்

இளைஞன் ஒருவன் தன் கைப்பொருளைக் கொண்டு முதன்முதலாக வாங்கும் பெரிய பொருள் யாதென வினவின், இந்நாளில் பெரும்பாலோர்க்கு அது மோட்டார் சைக்கிளாகவே இருக்கக் காண்கிறோம். நம் முன்னோர் மாடு வாங்கச் சந்தைக்குச் சென்றபோது சுழி பார்த்தனர். பல்லைப் பிடித்துப் பார்த்தனர். ஏரிற் பூட்டி நடத்தியும் பார்த்தனர். விலை பேசுவது அதன் பின்னரே நிகழ்ந்தது. இரும்பு மாட்டை வாங்குவோர் அத்துணை ஆராய்ச்சி செய்வதாகத் தெரியவில்லை. வண்ணத்தையும் ஓசையையும் கண்டு மயங்கி, முன்பணம் கொடுத்து, வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகே பல்லைப் பார்க்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் தமிழ்நாடெங்கும் இளைஞரிடையே பழைய ஜப்பானிய வண்டிகளின்மேல் ஒரு பெருவிருப்பம் பரவியிருக்கிறது. யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே முகம் மலராத மாணவர் சிலரே. 2018ஆம் ஆண்டில் அவ்வண்டியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு தெலுங்கில் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. பழனிமலை மாணவர்களும் இவ்விருப்பத்துக்கு விலக்கல்லர். செண்பகனூரிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் மூஞ்சிக்கல்லிலிருந்தும் வரும் மாணவர் சிலர், “முதல் வண்டியாகப் பழைய ஜப்பானிய வண்டி ஒன்றை வாங்கலாமா?” என்று கேட்கின்றனர். இவ்வினாவைச் சமவெளியில் வாழ்வோன் கேட்பது ஒன்று; மலையில் வாழ்வோன் கேட்பது மற்றொன்று. மலையில் வாழ்வோனுக்கு உரிய விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1980க்கு முன்னர் நம் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவை. சென்னையில் புல்லட்டும், மைசூரில் ஜாவாவும், வடக்கே ராஜ்தூத்தும் செய்யப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர இந்தியக் கம்பெனிகளுக்கு வழி திறந்தது. அதன் பயனாக 1984இல் நம் ஓசூரிலேயே இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100 பிறந்தது. அதனைச் செய்தவர்கள் 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தார் என்பது பாண்டிநாட்டார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1985இல் அரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அவ்வாண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியாரின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1986இல் பஜாஜ் கம்பெனியாரின் கவாசாகி கே.பி. 100 வந்தது. இவற்றுக்கும் முன்னர், 1983இலேயே ராஜ்தூத் 350 என்னும் பெரிய வண்டி, யமஹாவின் ஆர்.டி. 350 என்பதன் வழித்தோன்றலாக வெளிவந்திருந்தது.

இவற்றுள் சி.டி. 100 ஒன்றே நான்கு வீச்சு இயந்திரம் உடையது. ஏனைய யாவும் இரு வீச்சு இயந்திரங்கள். அதாவது, ஆயிலும் பெட்ரோலும் ஒருங்கே எரிந்து நீலப்புகை விடும் வகையின. இவ்வேற்றுமையே நம் ஆராய்ச்சிக்கு அச்சாணி போன்றது என்பது பின்னர் விளங்கும்.

நிற்க. “விண்டேஜ் வண்டி” என்று பெருமிதத்தோடு கூறி இவற்றை விற்கும் வணிகர் உளர். அச்சொல்லுக்கு இப்பொழுது சட்டத்தில் ஒரு வரையறை உண்டு. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முதல் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டதும், தன் தொன்மை வடிவம் கெடாது பேணப்பட்டதுமான வண்டியே அப்பெயர்க்கு உரியது. அதன் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இருத்தல் வேண்டும். அதனை நாள்தோறும் சாலையில் ஓட்டுதலும் ஆகாது. 1985இல் பிறந்த ஆர்.எக்ஸ். 100 அவ்வயதை எட்ட 2035 வரை காத்திருத்தல் வேண்டும். ஆதலின் இன்று நம் மாணவர் வாங்க எண்ணுவது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டியே. பழைய வண்டிக்குப் பழைய வண்டியின் விலை கொடுப்பது அறிவுடைமை. அணிகலத்தின் விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

இனி நம் மலைப்பாதையைப் பார்ப்போம். முற்காலத்தில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மக்கள் நடந்தும், குதிரையேறியும், டோலியில் சுமக்கப்பட்டும் மலைக்கு வந்தனர். பின்னர், மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் மேலேறின. இன்றும் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வருவோர், காட்ரோடு தாண்டி, டம்டம் பாறை, ஊத்து, மச்சூர், பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று ஐம்பது கிலோமீட்டர் அளவு வளைந்து வளைந்து ஏறியே செண்பகனூரை அடைகின்றனர். அடிவாரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 300 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர். இடைப்பட்ட உயரம் 1,800 மீட்டர்.

பௌதிகம் பயிலும் மாணவர் இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். வண்டி 100 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ எனக் கொள்வோம். இவ்விரண்டும் 1,800 மீட்டர் கீழிறங்குங்கால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 28 இலட்சம் ஜூல் ஆகும். சாதாரணக் குளிர்ச்சியுள்ள எட்டு லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிக்கச் செய்ய இவ்வளவு வெப்பம் போதும். பின்னால் ஒரு நண்பனும் அமர்ந்தால் பதினொரு லிட்டரைக் கடந்துவிடும். இவ்வெப்பம் எங்கே போகிறது? காற்றின் எதிர்ப்பால் ஒரு பங்கு கழிகிறது. இயந்திரத்தின் இழுப்பால் ஒரு பங்கு கழிகிறது. எஞ்சிய அனைத்தையும் இரண்டு சிறிய பிரேக் டிரம்களே தாங்கியாக வேண்டும். மேலே கூறிய 100 சி.சி. வண்டிகள் அனைத்திலும் முன்னும் பின்னும் டிரம் பிரேக்குகளே பொருத்தப்பட்டிருந்தன. டிரம்முக்குள் மூடுண்ட வெப்பம் எளிதில் வெளியேறாது. அளவு கடந்து சூடேறிய லைனிங் தன் பிடிப்பை இழக்கும். காலால் எவ்வளவு மிதித்தும் வண்டி நில்லாத அந்நிலையை மலையோட்டிகள் நன்கு அறிவர்.

ஆதலின் என் முதற்கோட்பாடு இது: மலைநாட்டான் தன் வண்டியை ஏறும் அழகு கொண்டு மதிப்பிடலாகாது, இறங்கும் அடக்கம் கொண்டே மதிப்பிடல் வேண்டும். ஏற்றத்தில் வண்டி தோற்றால் ஓரத்தில் நின்றுவிடும். அதனால் நேர்வது காலதாமதமும் சிறிது வெட்கமுமே. இறக்கத்தில் வண்டி தோற்றால் அதன் விளைவை நான் விரிக்க வேண்டுவதில்லை.

இக்கோட்பாட்டைக் கொண்டு ஆர்.எக்ஸ். 100ஐ முதலில் எடைபோடுவோம். அதன் இயந்திரம் 98 சி.சி.; ஆற்றல் 11 குதிரைத்திறன்; எடையோ நூறு கிலோ அளவே. இவ்விகிதம் ஏற்றத்துக்கு மிகச் சிறந்தது. யமஹாக் குலத்துக்கு மலையேற்றம் பிறவிக்குணம் என்றே சொல்லலாம். 1955 ஜூலையில் அக்கம்பெனி நிறுவப்பட்டது. அதே மாதம் நடந்த பியூஜி மலையேற்றப் பந்தயத்தில் அதன் முதல் வண்டியாகிய ஒய்.ஏ. 1, தன் வகுப்பில் வெற்றி பெற்றது. ஆயினும் அது மலையேற்றப் பந்தயம் என்பதை மறத்தலாகாது. பியூஜியிலிருந்து இறங்கியதற்கு எவரும் பரிசு கொடுக்கவில்லை.

இரு வீச்சு இயந்திரத்துக்கு இறக்கத்தில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, ஆக்சிலேட்டரை மூடியவுடன் நான்கு வீச்சு இயந்திரம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த முயல்வது போல அது முயல்வதில்லை; இயந்திரத்தின் இழுப்பு குறைவு. ஆகவே பிரேக்கின் மேலேயே சுமை முழுதும் விழுகிறது. இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. இவ்வியந்திரத்தில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோல் கலவையோடு சேர்ந்தே உள்ளே செல்கிறது. யமஹா இதற்கென ஒரு தனி ஆயில் பம்ப் வைத்தது உண்மையே. ஆனால் அப்பம்பும் ஆக்சிலேட்டரின் திறப்பை ஒட்டியே ஆயிலை அளந்து விடுவது. அப்பம்பையும் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் பழைய வண்டிகளும் உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டர் மூடியிருக்க, சக்கரம் இயந்திரத்தை வேகமாகச் சுழற்ற, ஆயிலோ துளித்துளியாகவே செல்லும். அந்நிலையில் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்வதும் உண்டு. “சீஸ் ஆயிற்று” என்று மெக்கானிக்குகள் கூறுவது இதனையே. இயந்திரம் பூட்டிக்கொண்டால் பின்சக்கரமும் உடன் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இது நேரின், கண்ணிமைக்கும் நேரத்தில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவனே தப்புவான். அவ்வளவு விரைந்த கைப்பழக்கம் நேற்று ஓட்டக் கற்றவனுக்கு எங்கிருந்து வரும்?

பழகிய ஓட்டுநர் இக்குறைகளுக்கு மாற்று அறிவர். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து ஆயிலை ஊட்டுவர். கிளட்ச்சின்மேல் இரு விரல்களை எப்பொழுதும் வைத்திருப்பர். வளைவுக்கு முன்னரே கியரைக் குறைப்பர். இடையிடையே வண்டியை நிறுத்தி டிரம் ஆறவிடுவர். இவை யாவும் ஓட்டும் தொழில் உடம்போடு ஒன்றிய பிறகு வரும் கலைகள். முதலாண்டில் ஓட்டுபவனின் கருத்து முழுவதும் சாலையிலும், எதிர்வரும் பேருந்திலும், தன் நிலைகுலையாமையிலும் இருத்தல் வேண்டும். இயந்திரத்தின் நோய்க்கு மருந்தூட்டும் வேலையையும் அவன் தலையில் ஏற்றுதல் முறையன்று.

இவ்விடத்தில் ஒரு கொடிய வழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்தும் பொருட்டு, இயந்திரத்தை அணைத்து, நியூட்ரலில் மலையிறங்குவோர் சிலர் உளர். இவர்கள் மிச்சப்படுத்துவது சில ரூபாய். பணயம் வைப்பது உயிர். இயந்திரத்தின் இழுப்பை முற்றும் துறந்து, இரண்டு டிரம்களையே நம்பி, 1,800 மீட்டர் இறங்குவது போன்ற பேதைமை வேறில்லை. பழைய வண்டியோ புதிய வண்டியோ, எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்னும் மலையோட்டிகளின் பழைய விதியே சிறந்தது.

ராஜ்தூத் 350ஐப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அது 347 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டி, ஆறு கியர்கள், முதலில் வந்தவற்றின் ஆற்றல் ஏறக்குறைய 30 குதிரைத்திறன். வெளிநாடுகளில் விற்ற ஆர்.டி. 350க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. நம் நாட்டு வண்டிக்கு டிரம்மே கிடைத்தது. ஓடும் வேகம் மிக்கிருக்க, நிற்கும் வலிமை அதற்கேற்ப உயராத வண்டியை மலையில் முதல் வண்டியாகக் கொள்வது, கடிவாளம் தளர்ந்த பந்தயக் குதிரையில் ஏறிச் சவாரி கற்பதை ஒக்கும். உதிரி உறுப்புகள் கிடைத்தலும் அரிது. அதனைச் சேகரிப்போர் சேகரிக்கட்டும், கற்போர் விலகுக.

எஞ்சியிருப்பது சி.டி. 100. இதன் புகழ் பாட எவரும் திரைப்படம் எடுக்கவில்லை. 97.2 சி.சி. இயந்திரம், ஓசையும் அடக்கம், ஓட்டமும் அடக்கம். ஆயினும் மலைக்கு வேண்டிய குணம் இதனிடத்தே உண்டு. இதன் ஆயில் இயந்திரத்தின் அடியில் தனியே தங்கி, இயந்திரம் சுழலும் வரை இடையறாது ஓடிக்கொண்டிருப்பது; ஆக்சிலேட்டர் திறந்ததா மூடியதா என்று அது பார்ப்பதில்லை. ஆக்சிலேட்டரை மூடினால் வண்டியைப் பின்னின்று பிடிக்கும் இழுப்பும் உண்டு. பின்னர் 1994இல் வந்து நாடெங்கும் பரவிய ஸ்பிளெண்டரும் இவ்வியந்திரக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகையால் பல உறுப்புகள் இன்றும் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கின்றன. மரத்தடி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். பழைய ஜப்பானிய வண்டியே வேண்டும் என்று உறுதிகொண்ட புதிய ஓட்டுநர்க்கு நான் கூறக்கூடிய வண்டி இதுவே.

“அப்படியாயின் பழைய வண்டி எதற்கு? புதியதையே வாங்கலாமே” என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. நாள்தோறும் மலையேறி இறங்கும் தேவை உடையவனுக்கு என் விடையும் அதுவே. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். என்னும் சக்கரம் பூட்டாத் தடுப்பு முறையும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளும் ஒருங்கே இயங்கும் முறையேனும் கட்டாயமாயின. பனிமூட்டத்தில் நனைந்த சருகின்மேல் பிரேக் பிடிக்கும்போது இவற்றின் அருமை தெரியும். பழைய வண்டியில் அவ்வித உதவி யாதும் இல்லை; அதன் விளக்கொளியும் கார்த்திகை மாத மூடுபனிக்கு முன் மின்மினியை ஒக்கும்.

எனினும் பழைய வண்டிக்கு ஒரு சிறப்பு உண்டு. அஃது ஓர் ஆசிரியன். இன்றைய வண்டியில் கணினி பெட்ரோலை அளந்து ஊட்டுகிறது. பழுது நேர்ந்தால் விளக்கு ஒன்று மின்னும். அதற்குமேல் நாம் அறிவது ஒன்றுமில்லை. பழைய வண்டியோ தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவது. எடுத்துக்காட்டாகக் கார்புரேட்டரைக் கொள்வோம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தும் பெட்ரோல் அதற்கேற்பக் குறையாமையால் கலவை கொழுத்துவிடுகிறது. மதுரையில் துள்ளி ஓடிய வண்டி செண்பகனூரில் இருமுவதும், பிளக் கரி படிந்து கறுப்பதும் இதனாலேயே. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரிய நிறமாயின் பெட்ரோல் மிகுதி, வெண்ணிறமாயின் பெட்ரோல் குறைவு, காப்பிப்பொடி நிறமாயின் நலம் என்று அறிந்து, சிறிய ஜெட் ஒன்றை மாற்றிப் பொருத்தும் மாணவன், வளிமண்டல அழுத்தத்தைப் பற்றிப் பாடநூலில் படித்ததைத் தன் விரல்களாலும் படித்துவிடுகிறான். இத்தகைய கல்வி விலைமதிப்பற்றது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். இயந்திரத்தின் இயல்பறிந்து நடத்தும் பொறுமை பிற தொழில்களுக்கும் உதவும்.

இனி, மாணவர் சொல்லும் வேறு சில காரணங்களை ஆராய்வோம். “பழைய இரும்பு உறுதியானது” என்பர். இரும்பு உறுதியாயிருக்கலாம், ரப்பரும், லைனிங்கும், கேபிளும் உறுதியாயிரா. ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தி 1996இல் நின்றது. கடைசி வண்டிக்கும் இன்று வயது முப்பதை ஒட்டியது. இரு வீச்சு இயந்திரத்தில் கிராங்க் சீல் இறுகி வெடித்தால் வெளிக்காற்று உட்புகுந்து கலவையை மெலியச் செய்து பிஸ்டனைச் சுட்டுவிடும். வெளிப்பார்வைக்கு வண்டி புதுமணப்பெண் போல் மின்னிக்கொண்டிருக்கும். அன்றியும், 2025க்குள் நாடெங்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. அது நீரை ஈர்க்கும் இயல்பினது. அதனை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் டாங்க்கின் உட்புறத்தையும் அது கெடுக்கக்கூடும்.

“பணம் மிச்சம்” என்பர். ஒரு காலத்தில் அது மெய். இன்று ஆர்.எக்ஸ். 100க்கு ஏற்பட்டுள்ள புகழால், நன்கு செப்பனிட்ட வண்டிக்குப் புதிய வண்டியின் விலையையோ அதனினும் மிகுதியையோ கேட்கின்றனர். மலிவாகக் கிடைப்பதோ செப்பனிடப்படாதது. அதற்குப் போர் செய்து, பிஸ்டன் மாற்றி, கிராங்க் சரிசெய்து முடிப்பதற்குள் மிச்சம் மறைந்துவிடும்.

“புதிது செய்வதற்கு எத்தனை இரும்பும் மின்சாரமும் செலவாகின்றன, பழையதைப் பேணுவதே இயற்கைக்கு நன்மை” என்று சிலர் சாதுரியமாக வாதிப்பர். இது நான்கு வீச்சு வண்டிக்கு ஓரளவு பொருந்தும். இரு வீச்சு வண்டியோ, ஊட்டிய பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே புகைக்குழாய் வழியாக வெளிவிடுவது. 1991 முதல் படிப்படியாக இறுகிவந்த புகை விதிகள் இவ்வகை மோட்டார் சைக்கிள்களைச் சந்தையிலிருந்து விலக்கியதற்குக் காரணம் அதுவே. சோலைக்காடுகளின் செடிகொடிகளை ஆராய்வதற்கென்றே அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஊர் செண்பகனூர். அவ்வூர்க் காற்றில் நீலப்புகை கலப்பதை இயற்கைத் தொண்டு என்று அழைப்பது பொருந்தாது.

“என் தந்தையார் ஓட்டிய வண்டி” என்பவன் கூறும் காரணம் ஒன்றே என் உள்ளத்தைத் தொடுவது. வீட்டுக் கொட்டகையில் உறங்கும் தந்தையின் வண்டியை எழுப்பி ஓட்ட விரும்பும் மகனை யார் குறைகூறுவர்? அவனுக்கும் நான் சொல்வது, அதனை முதலில் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள், வேறொரு வண்டியில் ஓராண்டு மலைச்சாலை பழகு, பின்னர் அதில் ஏறு என்பதே. தந்தையார் அதனை வாங்கிய நாளில் வண்டி புதிது. அவர் கையும் பழகியது. இன்று இரண்டும் மாறியுள்ளன.

இவ்வளவும் கேட்ட பின்னர் பழைய வண்டி வாங்கவே துணிந்தவர், கீழ்க்கண்டவற்றை மறவாது செய்வாராக. முதலில் தாள்களைப் பார்த்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டே செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கப்பட்டுள்ளதா? ஆர்.சி. புத்தகத்தில் கண்ட சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா? எண்ணை அராவி மாற்றிய தழும்பு உண்டா? கடன் பாக்கி குறிக்கப்பட்டுள்ளதா? விற்பவரே உரிமையாளரா, அன்றி நான்காம் கைமாறியும் பெயர் மாறாததா? வாங்கியவர் முப்பது நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் சட்டக் கடமை. “பேப்பர் பிறகு தருகிறேன்” என்று கூறும் வணிகரிடமிருந்து ஓடுவதே நலம். மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றிச் சாலையில் ஏறலாகாது.

அடுத்து வண்டியைப் பார்த்தல். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று, நாமே உதைத்துக் கிளப்புதல் வேண்டும். முன்னரே சூடேற்றி வைத்த வண்டி தன் நோயை மறைக்கும். முன்னின்று நோக்கி முன்போர்க்கும் சக்கரமும் நேர்கோட்டில் உள்ளனவா என்று காண்க. முன்சக்கரத்தைத் தூக்கி, ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பி, இடையில் தட்டுகிறதா என்று பார்க்க. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஒலி கேட்க. டாங்க்கின் மூடியைத் திறந்து உள்ளே துரு உண்டா என்று விளக்கடித்து நோக்குக. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு அது செய்யப்பட்ட வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். தடம் தேயாதிருப்பினும் முதிர்ந்து இறுகிய டயர் ஈரச்சாலையில் பிடிக்காது. வாங்கிய அன்றே செலவைப் பாராது பிரேக் லைனிங், கேபிள்கள், டயர்கள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுக. வண்ணம் பூசுதல் அடுத்த ஆண்டுக்கு நிற்கட்டும்.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்குவது போல, பெருவிலை கொடுத்து வண்டி வாங்கியவர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல கவசத்துக்குப் பேரம் பேசுகின்றனர். பின்னமர்பவர்க்கும் ஒன்று வேண்டும் என்பது சட்டம் மட்டுமன்று, நட்பின் இலக்கணமுமாகும்.

வாங்கிய பின்னர் பழகும் முறையும் உண்டு. முதல் மூன்று திங்கள் மேல்மலையிலேயே, செண்பகனூர், மூஞ்சிக்கல், கொடைக்கானல் என்று பகலில் ஓட்டுக. அடுத்துப் பெருமாள்மலை வரை இறங்கி ஏறுக. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மலைச்சாலை விதி. அதனை இரத்தத்தில் ஏற்றிக்கொள்க. வளைவுதோறும் ஒலி எழுப்புக. பனி மூடினால் ஓரத்தில் நின்று தேநீர் அருந்துக. பத்து நிமிடத் தாமதத்தால் எந்தத் தேர்வும் தவறிவிடாது. மலை முழுதும் இறங்குவது இவற்றின் பின்னரே.

முடிவாக என் கருத்தை வகைப்படுத்திக் கூறுகிறேன். நாள்தோறும் மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டியவர், பிரேக் உதவிகளுடன் கூடிய புதிய வண்டியையே வாங்குக. பழமைப் பற்றுக்கு இங்கே இடமில்லை. மேல்மலைக்குள்ளேயே பெரும்பாலும் உலவுபவரும், கையில் ஸ்பானர் பிடிக்க அஞ்சாதவரும், சி.டி. 100 போன்ற நான்கு வீச்சுப் பழைய வண்டியை முதல் வண்டியாகக் கொள்ளலாம். அஃது அவர்க்கு ஊர்தியும் ஆசிரியனும் ஆகும். ஆர்.எக்ஸ். 100 வேண்டுவோர் அதனை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்க. ராஜ்தூத் 350, கற்பவர்க்கு எவ்வாற்றானும் ஆகாது.

ஆசையைத் துறக்கும்படி இளைஞர்க்கு உபதேசம் செய்வது என் நோக்கமன்று. ஆசைக்கு ஒரு வரிசை வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓராண்டு பொறுத்தவனுக்கும் ஆர்.எக்ஸ். 100 அங்கேயே கிடைக்கும். அதன் ஓசையும் அவ்வாறே இனிக்கும். அதனைக் கேட்க அவனும், அவன் வரவைக் கேட்க அவன் வீட்டாரும் நலமே இருத்தல் வேண்டும்.